பெற்றோல் செற்றில் சிரித்தவர்

இக்னேசியஸோடு ஒருநாளும் பேசிப் பழகாதவர்களுக்குக்கூட அவருடைய விளம்பரத்தைப் பற்றித் தெரிந்திருந்தது. ரொறன்ரோவில் மில்லிக்கன் பக்கம் ஒரு முதல்நன்மை விருந்துக்கோ பிறந்தநாளுக்கோ அவர் போனால், கைகழுவும் இடத்தில் நிற்கிற யாராவது பக்கத்தில் நிற்பவரின் தோளைத் தட்டி, "உவர்தான் லண்டன் ரீவியிலை வந்தவர்" என்று காட்டிவிடுவார்கள். "அப்பிடியே அண்ணை? என்ன படம்?" என்று மற்றவர் கேட்பார். "படமில்லைத் தம்பி, விளம்பரம். கார் விளம்பரம்," என்று இக்னேசியஸ் தொடங்குவார். அதற்குப் பிறகு அவரை நிறுத்துவது கஷ்டம்.

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்துநான்கு. எண்ணெய் விலை கண்மண் தெரியாமல் ஏறியிருந்த வருடம். தெற்கு லண்டனில் ஒரு பெற்றோல் செற்றில் அவருக்கு வேலை. பெற்றோல் குறைவாகக் குடிக்கும் புதிய குடும்பக் கார் ஒன்றுக்கு விளம்பரம் எடுக்கக் கமெராவோடு ஒரு கூட்டம் அங்கே வந்து இறங்கியது. விளம்பரத்தில் ஒரு அப்பா, ஒரு அம்மா, பின்சீற்றில் இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். திங்கட்கிழமை கார் வருகிறது. பெற்றோல் அடிக்கிறவர் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார். கார் நிற்காமல் போய்விடுகிறது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதனும் வியாழனும் அப்படியே. வெள்ளிக்கிழமை அவர் ஓடவில்லை. கதிரையில் இருந்தபடியே காருக்குக் கை காட்டிவிட்டு, பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்புச் சிரிக்கிறார். அதோடு விளம்பரம் முடிகிறது.

"அந்தச் சிரிப்பு நான்தான்," என்று இக்னேசியஸ் சொல்லி முடிப்பார். கேட்டவர்கள் ஒரு கணம் அவருடைய வாயைப் பார்ப்பார்கள். ஐம்பத்தாறு வயதிலும் அவருக்குப் பல் வரிசை நன்றாகவே இருந்தது.

"கொப்பி ஒண்டும் இல்லையோ அண்ணை?"

"அந்தக் காலத்திலை எங்கடா வீடியோ?"

அவர் ஸ்காபரோவில் ஒரு கார் உதிரிப்பாகக் கடையில் கவுண்டரில் நின்றார். எந்த நம்பர் பில்ற்றர் எந்தக் காருக்கு என்பதைப் புத்தகம் பார்க்காமல் சொல்லுவார். வீட்டுக் கராஜில் ஒரு வெளிர்பச்சை ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் நின்றது. எட்டு வருடங்களுக்கு முதல் ஸ்ரௌவ்வில் பக்கம் ஒரு தோட்டக்காரரின் களஞ்சியத்துக்குள் கோழி எச்சத்தோடு கிடந்ததைக் கொண்டுவந்து, கதவுக் கைபிடியிலிருந்து கால்மிதிவரை தானே திருத்தி எடுத்தார். பனிக்காலத்தில் தெருவில் கொட்டுகிற உப்பு தகரத்தைத் தின்றுவிடும் என்று நவம்பரில் உள்ளே விட்டால், ஏப்ரலில் இரண்டு மழை பெய்து தெரு கழுவுப்பட்ட பிறகுதான் வெளியே எடுப்பார். அதை வேறு யாரும் ஓட்டியதில்லை. மனைவி பேர்ணடெற் ஒருமுறை கேட்டாள். "உம்மடை ரொயோட்டாவுக்கு என்ன?" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

மகள் மெலனிக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூட நாடகங்களில் நடிப்பாள். அந்த வருடம் முதல் தடவையாகப் பெரிய பாத்திரம் கிடைத்திருந்தது. "எங்கடை அப்பா இங்கிலண்ட் ரீவியிலை அக்ட் பண்ணினவர், இட்ஸ் இன் மை பிளட்," என்று நாடக ஆசிரியைக்குச் சொல்லியிருந்தாள். வீட்டுக்கு வந்தும் அதைச் சொன்னாள். இக்னேசியஸ் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். சிரித்தார். அடுத்த வாய்ச் சோறு இறங்க நேரம் எடுத்தது.

1997 பெப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஹரல்ட் தொலைபேசி எடுத்தார். ஹரல்ட் இங்கிலாந்துக்காரர், வேலையிலிருந்து இளைப்பாறியவர், ஸ்ரௌவ்வில்லில் இருந்தார். பழைய ஆங்கிலக் கார் வைத்திருப்பவர்கள் கூடுகிற ஒரு சின்னச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். அந்தச் சங்கத்தில் இக்னேசியஸ் மட்டும்தான் தமிழர்.

"உட்கார்ந்திருக்கிறாயா, இக்னேசியஸ்? உன்னுடைய விளம்பரம் கிடைத்துவிட்டது," என்றார் ஹரல்ட் ஆங்கிலத்தில்.

இங்கிலாந்தில் இருக்கிற அவருடைய மைத்துனர் பழைய கார் விளம்பரங்களையெல்லாம் சேர்த்து ஒரு வீடியோ ரேப் அனுப்பியிருந்தாராம். அந்த நாட்டு ரேப் இந்த நாட்டு மெசினில் ஓடாது. மார்க்கம் நகரத்தில் ஒரு கடையில் கொடுத்து மாற்றி எடுத்தாராம். "பெற்றோல் பம்பு, ஐந்து நாள், கடைசியில் சிரிப்பு. நீ சொன்னது சொன்னபடி இருக்கிறது. மார்ச் எட்டாம் திகதி சனிக்கிழமை ஹோலில் எல்லாருக்கும் போட்டுக் காட்டப்போகிறேன். குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வா."

"நல்லது," என்றார் இக்னேசியஸ். "மிகவும் நல்லது." றிசீவரை வைத்தவுடன் மார்ச் எட்டுக்கு எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினார்.

ஏனென்றால் அந்தச் சிரிப்பு அவருடையது அல்ல.

அந்தச் செற்றில் இரண்டு தமிழர்கள் வேலை செய்தார்கள். மற்றவன் ஸ்ரீஸ்கந்தராசா. விளம்பரக்காரர்கள் வந்த அன்று, இயக்குநர் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்திச் சிரிக்கச் சொன்னார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஸ்ரீயைக் கையால் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இக்னேசியஸுக்கு இரண்டு வாளி கொடுத்தார்கள். மழை பெய்து ஓய்ந்த தெருபோலத் தெரியவேண்டும் என்று, ஒவ்வொரு முறை கமெரா ஓடுவதற்கு முதலும் தெருவுக்குத் தண்ணீர் ஊற்றினார். பகல் முழுக்க ஊற்றினார்.

அதை அவர் மறைக்க நினைத்தவரல்ல. கணக்கியல் சோதனையில் மூன்று முறை தவறி, இனிமேல் லண்டனில் முகம் காட்ட ஏலாது என்று ரொறன்ரோவுக்கு வந்த முதல் பனிக்காலத்தில் அது நடந்தது. பிளாஸ்ரிக் போத்தல் தொழிற்சாலை ஒன்றில் வேலை. சாப்பாட்டு அறையில் இரண்டு மாதமாக யாரும் அவரோடு ஒரு சொல் பேசவில்லை. ஒருநாள் போர்மன், "இங்கிலாந்தில் என்ன செய்தாய்?" என்று கேட்டார். மூன்று முறை பெயிலானேன் என்று எப்படிச் சொல்வது? "எங்கள் செற்றில் ஒரு விளம்பரம் எடுத்தார்கள்," என்று தொடங்கினார். கதை பாதிக்கு வந்தபோது எல்லாத் தலைகளும் திரும்பியிருந்தன. முடிவுக்கு வந்தபோது, "சிரித்தது நான்தான்," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. நாளைக்குத் திருத்திச் சொல்லலாம் என்று நினைத்தபடி வீட்டுக்குப் போனார். மறுநாள், லேபல் ஒட்டுகிற போர்த்துக்கீசப் பெண் ஒருத்தி அவருக்கென்று வீட்டிலிருந்து ஒரு துண்டு கேக் கொண்டுவந்திருந்தாள். கேக்கைத் தின்றுவிட்டு எப்படித் திருத்துவது?

இரண்டு வருடம் கழித்துப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் அதையே சொன்னார்.

மார்ச் எட்டுக்கு இன்னும் பதினெட்டு நாட்கள் இருந்தன. அடுத்த நாளே அவர் ஹரல்டின் வீட்டுக்குப் போனார். ரேப்பை ஒருநாள் இரவல் கேட்டார். "அது எப்படி? எல்லாரோடும் சேர்ந்து பார்க்கிறதில்தான் சந்தோஷம்," என்று ஹரல்ட் சிரித்தார். ரேப் ரீவிப் பெட்டிக்கு மேலேயே இருந்தது. ஹரல்ட் தேநீர் போட உள்ளே போனபோது இக்னேசியஸ் எழும்பி அதைக் கையில் எடுத்தார். கோட்டுக்குள் வைத்தால் தெரியாது. கேத்தில் சத்தம் கேட்டது. பிறகு கோப்பைச் சத்தம். திருப்பி அதே இடத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தேநீர் நாக்கைச் சுட்டது.

"வேறு ஆளின் விளம்பரமாகவும் இருக்கலாம், ஹரல்ட். அந்தக் காலத்தில் இப்படிப் பல வந்தன."

"பெற்றோல் பம்பில் நிற்கிற இந்தியன். உன்னைத் தவிர வேறு யார்?"

வீட்டில் மெலனி அன்ரிமாருக்கெல்லாம் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தாள். நாடக ஆசிரியையும் வரப்போகிறாளாம்.  கடையில் ஒருவர் பிறேக் பாட் கேட்க, இக்னேசியஸ் வைப்பர் எடுத்துக் கொடுத்தார். "என்னப்பா, பிறஷர் ஏதும் ஏறிப்போச்சோ?" என்று பேர்ணடெற் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவருக்குச் சட்டென்று ஒரு வழி தெரிந்தது.

"ஓம், ஒரு மாதிரித்தான் கிடக்கு. சனிக்கிழமை போகேலாமல் வருமோ தெரியேல்லை."

"அப்ப நாங்கள் ரெண்டுபேரும் போய்ப் பாத்திட்டு வாறம். நீங்கள் படுங்கோ."

அது இன்னும் பயங்கரமாக இருந்தது. அடுத்த நாள் காலை அவருக்கு வருத்தம் சுகமாகிவிட்டது.

அவளிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை முயன்றார். ஒருமுறை அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். "இஞ்சரும் பேர்ணடெற், அந்த விளம்பரம்..." என்றார். "அதைத்தான் நானும் யோசிச்சனான். உங்கடை அந்த நீலச் சேட்டைப் போடுங்கோ, படத்திலை வடிவாய் விழும்," என்றாள். இரண்டாம் முறை வாய் திறக்கும்போது மெலனி வந்துவிட்டாள்.

எட்டாம் திகதி ரொயோட்டாவில் போனார்கள். நெடுஞ்சாலை நாற்பத்தெட்டில் ஒவ்வொரு சந்தி விளக்கும் அன்று பச்சையாகவே இருந்தது.

ஹோலில் அறுபது பேர் வரை இருந்தார்கள். பெரும்பாலும் நரைத்த தலைகள். விளக்கை அணைத்து ஹரல்ட் ரேப்பை ஓடவிட்டார். பழைய கார்கள் ஒன்றன் பின் ஒன்றாகச் சுவரில் வந்தன. கூரையில் பெட்டி கட்டி, குடை, பந்து, பாட்டி எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகிற மொறிஸ். சேற்றுப் பாதையில் ஏறி வருகிற ஹில்மன். கணவனிடமிருந்து கார்த் திறப்பைப் பறித்துக்கொண்டு தானே ஓட்டிப்போகிற பெண். இருட்டுக்குள் ஆட்கள் விளம்பரப் பாட்டுக்களை வரி பிசகாமல் கூடவே பாடினார்கள். "எங்கள் அப்பாவிடம் இதுதான் இருந்தது, இதே நிறம்," என்று யாரோ ஒரு கிழவி அழுகிற குரலில் சொன்னாள். இக்னேசியஸுக்கும் அவை எல்லாம் தெரியும். லண்டனில் அவருடைய அறையில் ரீவி இருக்கவில்லை. வாடகைக்கு ரீவி கொடுக்கிற கடையின் கண்ணாடிக்கு வெளியே ஸ்ரீயும் அவரும் நின்று, சத்தம் கேட்காமல் பார்த்தவை. எந்தக் காரை முதல் வாங்குவது என்று அங்கே நின்று சண்டை பிடிப்பார்கள். ஸ்ரீ எப்போதும் பின்சீற் பெரிய காராகப் பார்ப்பான். தம்பி தங்கச்சிமார் நிறைய அவனுக்கு.

அந்த நினைப்பில் ஒரு கணம் பயம் மறந்துவிட்டது. உடனே சுவரில் அந்தச் செற் வந்தது.

திங்கட்கிழமை. ஈரத் தெருவில் கடுகு நிறக் கார் வருகிறது. ஸ்ரீ குழாயோடு ஓடிவருகிறான். அடர்ந்த தலைமயிர், பெரிய கொலர், மெல்லிய மீசை. படம் நைந்துபோயிருந்தது, நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஊறியிருந்தன. ஆனால் அவன் ஸ்ரீதான். இக்னேசியஸ் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இப்போது யாராவது எழும்பிக் கேட்பார்கள், இப்போது கேட்பார்கள் என்று காத்திருந்தார்.

"தற்ஸ் மை டாட்!" என்று மெலனி கத்தினாள்.

ஹோல் முழுக்கக் கைதட்டியது. வெள்ளிக்கிழமைச் சிரிப்பு வந்தபோது சிலர் எழும்பி நின்றே தட்டினார்கள். ஹரல்ட் ரேப்பை அந்தச் சிரிப்பில் நிறுத்தினார். "கொஞ்சமும் மாறவில்லையே!" என்றார். பக்கத்து வரிசையில் இருந்தவர்கள் சுவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டினார்கள். பேர்ணடெற்கூடக் கண்ணைத் துடைத்தாள். அவள் அந்த வயதில் அவரைக் கண்டதில்லை. மெலிந்த, மீசை வைத்த ஒரு கறுப்புப் பையன். இருபத்துமூன்று வருடத்தில் யார் முகம்தான் மாறாது?

தப்பிவிட்டோம் என்பது இக்னேசியஸுக்கு மெதுவாகத்தான் விளங்கியது. இனி ஒருவரும் கேட்கமாட்டார்கள். ரேப்பே சாட்சி.

"எழுந்து ஒரு வார்த்தை பேசு," என்றார் ஹரல்ட்.

அவர் எழும்பினார். நன்றி சொல்லிவிட்டு இருந்துவிடலாம் என்றுதான் எழும்பினார். ஆனால் சுவரில் ஸ்ரீ சிரித்துக்கொண்டே இருந்தான். அந்தச் சிரிப்பு ஏன் வந்தது என்று இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமைக் காட்சியை எட்டு முறை எடுத்தும் ஸ்ரீக்குச் சிரிப்புச் சரியாக வரவில்லை. ஒன்பதாம் முறை, கமெராவுக்குப் பின்னால், இரண்டு வாளியோடும் இக்னேசியஸ் வழுக்கி விழுந்தார். தலை முதல் கால்வரை தண்ணீர். அதைப் பார்த்துத்தான் ஸ்ரீ சிரித்தான். இப்போதும் அவரைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அது நான் இல்லை," என்றார்.

சிலர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள்.

"உண்மையாகத்தான் சொல்கிறேன். அவன் என் நண்பன். ஸ்ரீஸ்கந்தராசா. நான் தெருவுக்குத் தண்ணீர் ஊற்றினேன். பத்தொன்பது வருடமாக எல்லாருக்கும் பொய் சொல்லிவிட்டேன்."

ஆங்கிலேயர்களுக்கு இப்படியான இடத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாது. அறுபது பேரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். பின்னால் யாரோ ஒருவர் இரண்டு முறை கைதட்டிவிட்டு, தனியாகத் தட்டுவது தெரிந்து நிறுத்தினார். "சரி, தேநீர் குடிப்போமா?" என்று ஹரல்ட் விளக்கைப் போட்டார். மெலனி ஆசிரியையின் முகத்தைப் பார்க்காமல் எழும்பி வெளியே போனாள். கதவு அடித்துச் சாத்துப்பட்டது.

வீட்டுக்கு வரும்வரை காருக்குள் ஒருவரும் பேசவில்லை. மெலனி நேரே மேலே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். குசினி மேசையில் பேர்ணடெற் கோட்டைக் கழற்றாமலே இருந்தாள்.

"என்னைப் பாக்க வந்த அண்டைக்கு முதல் கதையே உதுதான். நான் அதுக்காகக் கட்டேல்லை. ஆனா என்ரை அம்மாவிலையிருந்து எத்தினை சனத்துக்குப் பெருமையாய்ச் சொல்லியிருப்பன்! இனி நான் என்னெண்டு வெளியிலை இறங்கிறது?"

"நான் சொல்லுறன். ஒவ்வொருத்தருக்கும் நானே சொல்லுறன்."

"வேறை என்ன பொய் சொன்னனீங்கள்?"

அந்தக் கேள்வியைத்தான் அவர் பத்தொன்பது வருடமாகப் பயந்துகொண்டிருந்தார். ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். 

"பொய் எண்டு இல்லை. ஆனா ஒண்டு செய்தனான். செய்யாமல் விட்டனான்."

எண்பத்துநாலாம் ஆண்டு ஜனவரியில் லெஸ்ரர் நகரத்திலிருந்து ஸ்ரீயின் கடிதம் ஒன்று வந்தது. யூலைக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் ஒளித்திருந்த அவனுடைய தம்பி சிவபாதம் எப்படியோ கனடாவுக்கு வருகிறான். பெப்ரவரியில் இன்ன திகதி, இன்ன விமானம். "உன்னைத் தவிர எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. எயாப்போட்டிலே போய் நின்றால் காணும். மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்ளுவான்." இக்னேசியஸ் கடிதத்தை மூன்று முறை படித்தார். சிவபாதம் வந்தால் வீட்டில்தான் தங்குவான். பேர்ணடெற் அவனுக்குச் சோறு போட்டு, விளம்பரக் கதையைச் சொல்லுவாள். "அது என்ரை அண்ணையெல்லோ!" என்று அவன் சொல்லுவான். அந்த நாள் வந்தது. போனது. அவர் போகவில்லை. பதிலும் எழுதவில்லை.

பேர்ணடெற் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "பெப்ரவரிக் குளிரிலையோ?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓம்."

அவள் எழும்பிப் போய்த் தொலைபேசியைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தாள்.

உடனே எடுக்கத் தைரியம் வரவில்லை. மூன்று நாள் கழித்துத்தான், நம்பர் கேட்கச் சர்வதேசத் தொலைபேசி விசாரணைக்கு அடித்தார். அவ்வளவு நீளப் பெயர் லெஸ்ரர் நகரத்தில் ஒன்றுதான் இருந்தது. மணி அடிக்க அடிக்க, யாரும் எடுக்கக்கூடாது என்று மாதாவை வேண்டினார். எடுத்தது ஸ்ரீதான். குரல் கனத்திருந்தது. பஸ் ஓட்டினவன், இப்போது கண் பார்வை குறைந்து வீட்டில் இருக்கிறானாம். இக்னேசியஸ் ஒன்றையும் விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். விளம்பரத்தைப் பற்றிச் சொன்னபோது மறுபக்கத்தில் ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

"சீ, அதையே? நான் அதை ரீவியிலை ஒரு தடவைதான் பாத்தனான். எடுத்துக்கொள்ளடா, நீயே வைச்சிரு." பிறகு குரல் மாறியது. "ஆனா இக்னேசியஸ், அந்தக் கடிதத்துக்கு ஒரு பதில் போட்டிருக்கலாம். நீ செத்துப்போனாய் எண்டுதான் நான் நினைச்சனான். அப்பிடி நினைக்கிறது சுகமாய் இருந்தது."

சிவபாதம் இப்போது எங்கே என்று இக்னேசியஸ் கேட்டார்.

"தம்பி பிறம்ரனிலை இருக்கிறான். ட்றக் ஓடுறான். என்னட்டைச் சொல்லிப் பிரயோசனமில்லை. அவனட்டைப் போ."

ஏப்ரல் கடைசியில், தெரு கழுவுப்பட்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிய ஒஸ்ரினை வெளியே எடுத்தார். அதற்குள் அவர் பதினேழு வீடுகளுக்குத் தொலைபேசி எடுத்து உண்மையைச் சொல்லியிருந்தார். சிலர் சிரித்தார்கள். சிலர், "அதுக்கென்ன அண்ணை" என்றார்கள். ஒருவர் இன்றுவரை அவரோடு கதைப்பதில்லை. மெலனி அவரோடு தேவைக்கு மட்டும் பேசினாள். நாடகத்தை அவள் விடவில்லை. ஆனால் நாடகத்துக்கு அவரை வரச் சொல்லவும் இல்லை. பேர்ணடெற் மட்டும் அன்று கூட வந்தாள். ஹரல்டிடமிருந்து வாங்கிய ரேப் அவளுடைய மடியில் இருந்தது.

நெடுஞ்சாலை நானூற்றியொன்றில் பெரிய ட்றக்குகள் இரண்டு பக்கமும் உரசுவதுபோலப் போயின. பழைய காரின் ஸ்ரெயறிங் அவர் கைக்குள் நடுங்கியது.  கதவைத் திறந்ததும் என்ன சொல்வது என்று பிறம்ரன் வரும்வரை பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தார்.

கதவைத் திறந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர். உயரம். அண்ணனின் நெற்றி. தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லியிருந்தபடியால் ஆச்சரியப்படவில்லை. "வாங்கோ," என்றார். அவ்வளவுதான். அவருடைய மனைவி ரதி தேத்தண்ணியும் பிஸ்கற்றும் கொண்டுவந்து வைத்தாள். ரேப்பைப் போட்டார்கள்.

"அட, உங்கடை அண்ணையே உது? எவ்வளவு தலைமயிர்!" என்று ரதி சிரித்தாள்.

சிவபாதம் சிரிக்கவில்லை. ரேப்பைத் திரும்பச் சுற்றி இன்னொருமுறை பார்த்தார். பிறகு மூன்றாம் முறை. "அண்ணை இப்பிடிச் சிரிச்சு நான் கண்டதில்லை. எங்களுக்குக் காசு அனுப்பத் துடங்கினாப் பிறகு அவருக்கு எங்கை சிரிப்பு," என்றார் ரீவியைப் பார்த்தபடி.

"தம்பி, நான் அண்டைக்கு..." என்று இக்னேசியஸ் தொடங்கினார்.

"நீங்கள் வந்திருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு நான் கனநாள் யோசிச்சனான்," என்றார் சிவபாதம் அமைதியாக. "பெரிசா ஒண்டும் நடந்திராது. ஒரு குளிர் ஜக்கெற் கிடைச்சிருக்கும். நான் சேட்டோடை வந்திறங்கினனான். உங்கடை படம் ஒண்டு கையிலை. அண்ணை தந்து விட்டது. வாற ஒவ்வொருத்தரின்ரை முகத்தையும் படத்தோடை ஒத்துப் பாத்துக்கொண்டு நிண்டனான். கடைசியிலை நிலம் கூட்டுற ஒரு மனிசி, ஜமேக்காக்காரி, தன்ரை கோட்டைக் கழட்டித் தந்தது."

பேர்ணடெற் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

 வழியில் சேர்த்து வைத்த பத்து விதமும் எங்கேயோ போய்விட்டது. "மன்னிச்சுக்கொள்ளும்" என்றார் இக்னேசியஸ். அது அந்த அறைக்கு மிகச் சின்னச் சொல்லாக இருந்தது.

சிவபாதம் யன்னலால் வெளியே பார்த்தார். "அது ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் எல்லோ?"

"ஓம். அறுபத்தோராம் ஆண்டு."

"திறப்பைத் தாங்கோ."

இக்னேசியஸின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. சோக்கை எவ்வளவு இழுக்கவேண்டும், கிளச்சை எப்படி விடவேண்டும் என்று சொல்ல வாய் திறந்தார். சிவபாதம் அதற்குள் படியிறங்கிவிட்டார். ஒருமுறை இருமி எஞ்சின் பிடித்தது. வெளிர்பச்சைக் கார் வளவை விட்டு இறங்கி, தெருமுனையில் திரும்பி மறைந்தது.

இக்னேசியஸ் வாசலில் நின்றார். அவருடைய கோட் காருக்குள், பின்சீற்றில் கிடந்தது. ஏப்ரல் என்றாலும் காற்று ஈரமாக, குத்துகிற மாதிரி இருந்தது. தெருவால் வருகிற ஒவ்வொரு காரையும் பார்த்தார். வெள்ளை. சிவப்பு. பிறகு ஒரு சாமான் வான். நெடுஞ்சாலைக்கு ஏறியிருப்பானோ? பிறேக் அழுத்தம் அவனுக்குத் தெரியாதே. எங்கேயாவது அடிபட்டுவிட்டால்? அல்லது வேண்டுமென்றே கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிட்டால்? விட்டால் கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது?

"அண்ணை, குளிருக்கை நிக்காதேங்கோ, உள்ளை வாங்கோ," என்று ரதி கூப்பிட்டாள்.

"இல்லைப் பிள்ளை. நிக்கிறன்."

பேர்ணடெற் கதவடிக்கு வந்தாள். தன்னுடைய சால்வையைக் கழற்ற முதலில் கை வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, கொடுக்காமல் உள்ளே போய்விட்டாள்.

முக்கால் மணித்தியாலம் ஆகியிருக்கும். விரல்கள் மரத்துப்போன பிறகு அந்த எஞ்சின் சத்தம் கேட்டது. சிவபாதம் காரை அலுங்காமல் கொண்டுவந்து, ட்றக் ஓடுகிறவர்களுக்கே உரிய அளவான திருப்பலில் வளவுக்குள் விட்டார். இறங்கித் திறப்பை நீட்டினார். இக்னேசியஸின் விரல்கள் அதை உடனே பிடிக்கவில்லை. சிவபாதம் அவருடைய சட்டையைப் பார்த்தார், நீலம் பாரித்த உதட்டைப் பார்த்தார்.

"செக்கண்ட் கியர் இறுக்கமாய்க் கிடக்கு," என்றார். "அடுத்த முறை வரேக்கை காலமை வாங்கோ. ரெண்டு பேருமாய்க் கழட்டிப் பாப்பம்."